அத்தையும் மைக்செட் குழாயும்

எங்கள் அத்தைக்குப் பாட்டென்றால் உயிர். பதினைந்து வயதில் வந்த விஷக்காய்ச்சல் அவள் காதை முக்கால்வாசி கொண்டுபோய்விட்டது; ஆசையை மட்டும் தொடவில்லை. கவரைப்பேட்டையைச் சுற்றி எந்த ஊரில் கல்யாணம் நடந்தாலும், மைக்செட் குழாயை எந்த மரத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, நேராக அதன் அடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிற இடம் அது. அத்தை மரத்தில் கையை வைத்து, கண்ணை மூடித் தலையாட்டுவாள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பார்கள். அத்தைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவள் அண்ணனுக்கு, அதாவது என் நைனாவுக்குத்தான் மானம் போகும்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், அறுவடை முடிந்த கையோடு நைனா அத்தையை மதராஸுக்கு அழைத்துப்போய்க் காது மிஷின் வாங்கித் தந்தார். சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் காதில் செருகிக்கொள்ள ஒரு குமிழ். அம்மா அதற்கொரு துணிப்பை தைத்து அத்தையின் கழுத்தில் மாட்டிவிட்டாள். முதல் வாரம் வீடே அமர்க்களப்பட்டது. சேவல் கூவினால் அத்தை ஓடிவந்து எங்களிடம் சொல்வாள். கடுகு வெடிப்பதைக் கேட்கவே அடுப்படியில் நிற்பாள். கேட்காது என்ற தைரியத்தில் அவள் எதிரிலேயே அவளைப் பற்றிப் பேசிவந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் திடீரென்று மரியாதை தெரிந்துவிட்டது.

நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “இனிமே நீ கொழாய்க்குக் கீழ போய் குந்தக் கூடாது. எல்லாரையும் மாரி சபையில குந்திக்கினு பாட்டு கேளு” என்று உத்தரவு போட்டுவிட்டார்.

கும்மிடிப்பூண்டியில் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம் வந்தது. அத்தை பெண்களுக்கு நடுவே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நான், ஏழு வயசுப் பெண். ரிக்கார்டு மாறும்போதெல்லாம் நைனா வந்து “கேக்குதா?” என்பார். அவர் வாயசைவைப் பார்த்து அத்தை சிரித்தபடி, “நல்லா கேக்குதுண்ணா” என்பாள். சும்மா இருக்கத் தெரியாத என் கை துணிப்பைக்குள் போய் மிஷினின் திருகைத் திருப்பியது. அத்தை தேள் கொட்டியதுபோல் துள்ளினாள். குமிழ் காதிலிருந்து கழன்று பெட்டிமேல் விழ, மிஷின் ‘கீ’ என்று ஊளையிட்டது. தன் சாமானுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று மைக்செட்காரர் ஓடினார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதை வாய்க்குள் வைத்துக்கொள்ளும் புத்திதான் இல்லை.

“நைனா! அத்த இவ்ளோ நேரம் மிஷின ஆப் பண்ணி வச்சிக்கினு இருந்திச்சு!”

கூட்டமே சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “பேச்சு நல்லாத்தான் கேக்குதுண்ணா. பாட்டு மட்டும் தகர டப்பாவுல கல்லப் போட்டு குலுக்கற மாரி கீது. நீ ஆசையா வாங்கியாந்தியே, ஒங்கிட்ட இன்னான்னு சொல்றது?”

திரும்பிவரும் ரயிலில் நைனா அத்தையின் கழுத்தில் தொங்கிய துணிப்பையையே பார்த்துக்கொண்டு வந்தார். நானோ பெரிய துப்பறிவாளர் தோரணையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன்.

அடுத்த மாதம் எனக்குக் காது குத்தல். மைக்செட் வைக்க நைனா ஒப்புக்கொண்டிருந்தார். குழாயைப் பனைமரத்து உச்சியில் கட்டப் போகிறோம், பாட்டு அடுத்த ஊர்வரை கேட்கும் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தண்டோரா போட்டிருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால், மைக்செட்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். நைனா பந்தக்காலில், என் தலை உயரத்தில், குழாயைத் தானே கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு பெஞ்சு வேறு.

“இன்னா நைனா, மரத்துல கட்டலியா?”

“இங்கதான்.”

அவ்வளவுதான் பதில். முதல் ரிக்கார்டு சுழன்றதும் பந்தலே அதிர்ந்தது. பெரியம்மாக்கள் நைனாவை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்; அவர் கண்டுகொள்ளவில்லை. அத்தை வந்தாள். குழாயைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். மிஷினைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, பந்தக்காலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் அன்று அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து நான் போட்ட அலறல் யாருக்கும் கேட்கவில்லை. அதுவும் காது வலித்ததற்காக இல்லை, பனைமரம் போனதற்காக.

அழுது முடித்து, நியாயம் கேட்க நைனாவைத் தேடினேன். வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்க வேண்டியவர், அத்தையின் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்து, தானும் ஒரு கையைப் பந்தக்காலில் வைத்திருந்தார். பாட்டின் நடுவே அத்தை அவரிடம் ஏதோ சொன்னாள். அந்த இரைச்சலில் அவருக்கு ஒரு எழுத்துகூடக் கேட்டிருக்காது. இருந்தும் சிரித்துக்கொண்டே பெரிதாகத் தலையாட்டினார். என் விசேஷத்தைக் கெடுத்துவிட்டு இவருக்குச் சிரிப்பு என்ன வேண்டியிருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வாரம் நைனாவோடு பேசவில்லை.