கிரீஸ் கையும் ராசிக் கையும்

டொக். டொக். டொக், டொக். சாப்பாட்டு வேளை முடிந்தும் எலுமிச்சைச் சாதத்தின் வாசனை அறையை விட்டுப் போகாத ஒரு மதியத்தில், சிதம்பரத்தில் எங்கள் உளவியல் வகுப்பின் திரையில் ஒரு புறா சின்ன வட்டத் தகட்டைக் கொத்திக்கொண்டிருந்தது. கொத்தினால் தானியம் விழும். ஆனால் எல்லா முறையும் விழாது, எப்போது விழும் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கொத்துக்கும் தவறாமல் தானியம் கிடைத்துப் பழகிய புறா, அது நின்றுபோனால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும் என்றும், எப்போது கிடைக்கும் என்றே தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டிருக்கும் என்றும் ஆசிரியை சொல்லிக்கொண்டே போனார். இன்னொரு புறா, தானியம் விழுவதற்குச் சற்று முன்னால் தற்செயலாக இடப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றியிருந்ததாம். அன்றிலிருந்து, சுற்றினால்தான் தீனி என்பதுபோல் சுற்றிக்கொண்டே இருந்ததாம். வகுப்பே சிரித்தது. நான் மேசைக்கு அடியில் என் வலது கட்டைவிரலை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். செல்போன் கண்ணாடியில் நகம் படுகிற சத்தம்.

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில், எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் சேகர் மாமாவின் பட்டறை இருந்தது. அம்மாவின் தம்பி. படகு இன்ஜின்களைக் கழற்றிப் பழுது பார்த்து மாட்டுவது அவர் தொழில். முழங்கை வரை கிரீஸ் அப்பிய கையோடுதான் அவரை நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கக்கூட, சொம்பை யாராவது தூக்கி அவர் வாயில் ஊற்ற வேண்டும். நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடப் பையை இறக்கி வைப்பதற்குள், பட்டறையில் மரப்பெட்டி மேல் கிடந்த அவருடைய போன் 'டிக் டிக்' என்று அவசரமாக அடிக்க ஆரம்பித்தது. ரம்மி. முகம் தெரியாத யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். மாமாவின் முறை வந்துவிட்டது, அவருக்கான நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, கை இரண்டிலும் கிரீஸ்.

"அம்மு, ஓடியாடி! அந்தக் கவுத்து வெச்ச சீட்டத் தொடு. அட, தொடுடி, டைம் போவுது!"

தொட்டேன். எந்தச் சீட்டுக்காக அவர் காத்திருந்தாரோ அதே சீட்டு வந்து நின்றது. மாமா போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்னை அப்படியே தூக்கிச் சுற்றினார். என் வெள்ளைச் சட்டையின் இரண்டு பக்கமும் இரண்டு கறுப்புக் கை பதிந்துவிட்டது. "கையாடி இது! ராசிக் கைடி!" அன்றைக்கு எல்லார் வீட்டுக்கும் பரோட்டா வந்தது, சட்டையைக் கெடுத்ததற்காக அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை.

அந்த ஒரு சொல் தெருவில் எப்படிப் பரவிற்று என்று இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது. முனையில் இட்லிக் கடை வைத்திருந்த செல்வி அக்கா, பள்ளிக்குப் போகிற என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, என் கையில் முதல் போணி செய்யச் சொன்னார். ஆடு வாங்கி வந்த எதிர்வீட்டுக்காரர் அதன் கயிற்றை முதலில் என்னிடம் கொடுத்து வாங்கிக்கொண்டார். படிப்பிலும் பாட்டிலும் ஓட்டத்திலும் நடுவில் எங்கேயோ நின்ற ஒரு பெண்ணுக்குத் திடீரென்று ஒரு கை முளைத்தால் எப்படி இருக்கும்? நான் அதைத் தலையில் வைக்காத குறையாகச் சுமந்து திரிந்தேன்.

இனிமேல்தான் அந்தச் சுற்றும் புறா வருகிறது. மாமாவுக்கு மறுபடியும் தோல்வியும் நடுநடுவே ஜெயிப்பதும் வர, ஜெயித்த நாளில் என்னவெல்லாம் இருந்ததோ அதெல்லாம் இருந்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் அவருக்கு இடப்பக்கம்தான் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது. எல்லாவற்றையும்விட, அவர் கையில் கிரீஸ் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குளித்து, வேட்டி கட்டி, கறிக்குழம்பு சாப்பிட்டு முடித்த மனுஷன், பூட்டிய பட்டறையைத் திறந்து உள்ளே போய், டப்பாவில் விரலை விட்டு இரண்டு உள்ளங்கையிலும் கிரீஸைத் தடவிக்கொண்டு வந்து, "அம்மு, வாடி" என்று கூப்பிடுவார். நாங்கள் யாருமே அதைப் பார்த்துச் சிரித்ததில்லை. கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த அத்தை மட்டும், துவைத்த வேட்டியில் மறுபடியும் கறையைப் பார்த்து, "வேல இருக்கற நாள்ல இன்ஜினத் தொடுறது இல்ல, வேல இல்லாத நாள்ல கிரீஸப் பூசிக்கிது பாரு" என்று முணுமுணுப்பார். பட்டறைக்கு வந்த இன்ஜின்கள் அதற்குள் குறைந்திருந்தன.

தோற்றாலும் அவர் தோற்றதாகவே சொன்னதில்லை. "ஒரு சீட்டுல போச்சி" என்பார். எங்கள் வீட்டில் அது ஒரு வழக்குச் சொல்லாகவே ஆகி, பஸ்ஸைத் தவறவிட்டாலும் பால் பொங்கி வழிந்தாலும் "ஒரு சீட்டுல போச்சி" என்றே சொல்லிக்கொண்டோம். கொஞ்சத்தில் தவறியது என்பது அவர் காதில் கிட்டத்தட்ட ஜெயித்தது என்றே விழுந்திருக்கிறது. அது ஒரு அரைத் தானியம். அதைத் தின்றுகொண்டே அவர் அடுத்ததைக் கொத்தினார்.

நானும் கொத்தினேன் என்பதுதான் வகுப்பில் எனக்கு உறைத்த இன்னொரு விஷயம். ஜெயித்த நாளில் எனக்கு ஐஸ்கிரீம் வரும், சில நாள் வெறும் தலைத் தடவல், சில நாள் "போ உள்ள" என்ற எரிச்சல். எந்த நாள் எது என்று தெரியாது. தினமும் ஐஸ்கிரீம் கிடைத்திருந்தால் ஒரு மாதத்தில் அலுத்துப்போய் விளையாடப் போயிருப்பேன். தெரியாததால்தான், வீட்டுப்பாடம் எழுதுகிறபோதும் ஒரு காதைப் பட்டறைச் சுவர்ப்பக்கமே வைத்துக்கொண்டு, 'டிக் டிக்' கேட்கிறதா என்று காத்திருந்தேன்.

பட்டறையிலிருந்த வெல்டிங் மெஷின் ஒரு நாள் இல்லை. பிறகு அத்தையின் கழுத்துச் சங்கிலி இல்லை. அதைத் திருப்பிவிடலாம் என்று மாமா ஆடிய ஆட்டத்துக்கும் நான்தான் தொட்டேன். இடப்பக்கம் நின்று, வெட்டாத நகத்தோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஒரு சீட்டில்தான் போனது. மாமா கத்தவில்லை. என் கையை எடுத்து, ரிப்பேருக்கு வந்த சாமானைப் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஒன் கை மாறிப்போச்சி அம்மு" என்றார். அந்த வாரமே அத்தை மேல்பட்டாம்பாக்கத்திலிருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வீட்டைக் காலி செய்தது என் கைதான் என்று நான் நம்பினேன். உப்பைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். மாமா ஆடுவதைப் பற்றி அவளும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் சரிசெய்யப் பார்த்தாள். ஒரு காலையில் செல்வி அக்கா, தட்டை எடுத்த என்னிடம், "செத்த நில்லு கண்ணு, வேற யாராச்சும் வாங்கட்டும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வெகு காலத்துக்கு நான் யாருக்கும் எதையும் வலது கையால் முதலில் எடுத்துக் கொடுத்ததில்லை. பரீட்சை முடிவைக்கூட இடது கைவிரலால்தான் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பட்டறை இருந்த இடத்தில் செல்போன் உறையும் சார்ஜரும் தொங்குகிற கடை இருக்கிறது. மாமா செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறார். அத்தை திரும்பி வந்தார். அவர்களுக்கு ஒரு பெண் பிறந்து, நிலா என்று பெயர் வைத்து, இந்த வருஷம்தான் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தப் புறா வகுப்பு முடிந்த வாரம், சொல்லியே ஆக வேண்டும் என்ற வேகத்தில் ஊருக்கு ஓடினேன். மாமா வீட்டுக்குள் நுழைந்தால், அவர் நாற்காலியில் போனோடு இருக்கிறார். சீட்டு போய் இப்போது சுழல்கிற சக்கரம். இடப்பக்கம் நிலா. மாமாவின் உள்ளங்கையில், வேலைக்குப் போகாத அந்த ஞாயிற்றுக்கிழமையிலும், கறுப்பாகக் கிரீஸ்.

"குட்டி, ஒரே ஒரு அமுக்கு அமுக்கு பாப்போம்."

அவள் அமுக்கிவிட்டு, சக்கரத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். மூச்சுவிடாமல் புறாக் கதையை ஒப்பித்தேன், தானியம், தகடு, இடப்பக்கச் சுற்று எல்லாம். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடி, அந்தப் புறாவுக்கு ஜோக்கர் எதுன்னு தெரியுமா?" என்றார். அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "புறாவாச்சும் தானியத்தத் துன்னுச்சி. இது ஊட்ல இருக்கறதையும் இல்ல கொண்டும்போயி போடுது!" மாமாவே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அடுத்த சுற்றுக்கு நிலாவைக் கூப்பிட்டார்.

மாமாவை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. பாடத்தில் அதற்குச் சுலபமான பக்கம் எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். நிலாவின் கையை மட்டுமாவது வெளியே எடுத்துவிட முடியும் என்று தோன்றுகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாராவாரம் காலை ரயிலில் வந்து அவளைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறேன் என்று அத்தையிடம் பேசிவிட்டேன். "அவர் கத்துவாரேடி" என்றார் அத்தை. தீனி நின்ற புறா முதலில் இன்னும் வேகமாகத்தான் கொத்தும், ஆரம்பத்தில் கோபம் ஜாஸ்தியாகும், தாங்கிக்கொள்ள வேண்டும் என்றேன். தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, தாங்கப்போவது அத்தைதான், நான் இல்லை.

எனக்கு வரப்போவது போன். மாமா விட மாட்டார். வண்டி செம்மங்குப்பத்தைத் தாண்டுவதற்குள் அடிப்பார், வீடியோவில் குட்டியைக் காட்டு, அவ அங்கேர்ந்தே ஒரு அமுக்கு அமுக்கட்டும் என்பார். எடுக்கக் கூடாது. ஒன்பது முறை எடுக்காமல் இருந்துவிட்டுப் பத்தாவது முறை மனசு கேட்காமல் எடுத்தால், பத்து முறை அடித்தால் கிடைக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நானாகிவிடுவேன். அம்மா எடுக்கச் சொல்வாள். நிலாவே, "அப்பா கூப்புடுறாரு அக்கா" என்று என் முகத்தைப் பார்ப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் 'டிக் டிக்' கேட்காதா என்று காத்துக் கிடந்த அதே பெண் எனக்குள் இன்னும் எழுந்து உட்காருகிறாள், அதுதான் பயமாக இருக்கிறது. போனைப் பையின் அடியில் போட்டுவிட்டு, வலது கையால் நிலாவின் வலது கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.