பதினாறு அங்குலம்

கென்டக்கி மலையில் முப்பது வருஷம் நிலக்கரி வெட்டிய வெர்லினுக்கு ஒரே ஒரு வீம்பு. அணில் வேட்டைக்கு இருபத்திநாலு அங்குலக் குழல் வைத்ததுதான் துப்பாக்கி. நீளக் குழலில் சத்தம் அடங்கி வரும். ஒன்று விழுந்தாலும் மற்ற அணில்கள் மரத்தை விட்டு ஓடாது.

துப்பாக்கிக் கடைக்காரன் ஹோபர்ட் இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "பதினாறு அங்குலத்துலயே வெடிமருந்து எரிஞ்சு முடிஞ்சிருதுடா. மிச்சத்தை எதுக்கு வெட்டியா சுமக்கிற?" என்பான்.

"அது பொம்மைடா, உன் பேத்திக்குக் குடு" என்பான் வெர்லின். வருஷம் தவறாமல் இந்தச் சண்டை நடக்கும்.

இந்த ஆகஸ்டில், அணில் வேட்டை சீசன் தொடங்க நாலு நாள் இருக்கையில், வெர்லின் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கடைக்கு வந்தான். கரித்தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. பழைய துப்பாக்கியைத் தூக்கி நாலு எண்ணுவதற்குள் கை தொங்கிவிடுகிறது. அடுத்த சீசனைப் பார்ப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஆள் கிடக்கிறான் என்று வெர்லின் விட்டுவிட்டான்.

"அந்தப் பதினாறு அங்குலத்தை எடுடா. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுத் தொலை."

திருப்பித் திட்ட வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தான்.

ஹோபர்ட் சிரிக்கவில்லை. துப்பாக்கியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தான். முகத்தைத் தூக்காமல் சொன்னான்: "நீ சொன்னதுதான்டா சரி. நீளந்தான் நல்லது."

அத்தனை வருஷச் சண்டையில் வெர்லின் ஜெயித்துவிட்டான். டாக்டர் சொன்னது நிஜம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.