கூப்பிட்டால் திரும்ப வேண்டும்

அவளை எல்லோரும் குமிழி டீச்சர் என்பார்கள். பெயர் வைத்தது மருத்துவமனைக் காவலாளி. பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள் நாள் முழுக்கச் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, இதற்கா சம்பளம் என்று அந்த மனிதருக்கு ஆற்றாமை. அவருக்கு எப்படிப் புரியவைப்பது? அவள் ஒரு குமிழி ஊதுவாள். பிள்ளை குதித்து உடைக்கும். உடனே டப்பாவை இறுக மூடிவிட்டுக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொள்வாள். இன்னொன்று வேண்டுமென்றால் பிள்ளை ஏதாவது செய்தாக வேண்டும். கையைப் பிடித்து இழுக்கலாம், கண்ணைப் பார்க்கலாம், ‘ம்’ என்று முனகலாம். எது செய்தாலும் அடுத்த குமிழி பறக்கும்.

பெற்றோரிடம் அவள் சலிக்காமல் சொல்வது ஒன்றுதான். “புள்ள எப்படிக் கூப்பிட்டாலும் உடனே திரும்புங்க. அடுப்புல பால் பொங்கினாலும் பொங்கட்டும். கூப்பிட்டா ஆள் திரும்புதுன்னு தெரிஞ்சாத்தான் மறுபடியும் கூப்பிடும்.”

பேருந்து ஓட்டும் அவள் கணவர் இதை வைத்தே வம்பிழுப்பார். “நான் கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டேங்கிறியே?”

“நீங்கதான் வாய் ஓயாம பேசுறீங்களே. உங்களுக்கெதுக்குப் பயிற்சி?”

அப்படிப்பட்டவளிடம் ஒரு தையல்காரி தன் மகளைக் கூட்டி வந்தாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைப்பவள். உடுப்பெல்லாம் நூல் துணுக்கு ஒட்டியிருக்கும். குட்டி என்று கூப்பிடப்பட்ட அந்தப் பெண் குழந்தைக்கு ஐந்து வயது. காது நன்றாகக் கேட்டது. ஒரு சொல்கூட வரவில்லை.

“அவ படிக்கக்கூட வேணாம் டீச்சர்,” என்றாள் தையல்காரி. “ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டாப் போதும். பக்கத்து வீட்டுப் புள்ள அவங்க அம்மாவைக் கூப்பிட்டாக்கூட நான் திரும்பிடறேன்.”

வழக்கமாக ‘தா’, ‘வா’ என்று பிள்ளைக்குப் பயன்படும் சொல்லில்தான் டீச்சர் தொடங்குவாள். பாழாய்ப்போன மனசு அன்று இளகிவிட்டது. அம்மாவிலிருந்தே தொடங்கலாம் என்று முடிவு செய்தாள். குட்டியோ தாயின் மடியைவிட்டு முகத்தை எடுக்கவே இல்லை. “நீங்க வெளிய இருங்க. வார்த்தை வந்ததும் நானே கூப்பிடறேன்,” என்று தாயை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மாதக்கணக்கில் அப்படியே நடந்தது. குட்டியின் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, உதட்டைச் சேர்த்து ‘ம்’ என்பாள். திறந்து ‘மா’ என்பாள். தொண்டை அதிர்வதைக் கை உணரும். குட்டி உதட்டைச் சேர்த்தாலே ஒரு குமிழி. வெளியே பெஞ்சில் தையல்காரி, சத்தம் போடும் மற்றவர்களை “கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்” என்று கெஞ்சிக்கொண்டு கதவையே பார்த்திருப்பாள்.

ஒரு நாள் மூடிய டப்பாவைப் பார்த்த குட்டி, தானாகவே டீச்சரின் தொண்டையில் கையை வைத்து, “ம்மா” என்றது. குமிழி பறந்தது. மறுபடி, இன்னும் தெளிவாக, “அம்மா.”

டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவைத் திறந்து, “ஓடி வாங்க, ஓடி வாங்க!” என்று கத்தினாள். தையல்காரி ஓடி வந்து மண்டிபோட்டுக் கையை விரித்தாள்.

“குட்டி, சொல்லு செல்லம்.”

குட்டி அவளைத் தாண்டிப் போனது. டீச்சரின் தொண்டையில் கையை வைத்தது. “அம்மா.”

“என்ன கண்ணு?” என்று திரும்பிவிட்டாள் டீச்சர். இத்தனை வருடப் பழக்கம். நினைப்பதற்கு முன் வாய் சொல்லிவிட்டது.

விரித்த கையைத் தையல்காரி மெல்ல மடக்கினாள். உடுப்பில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். “பரவால்ல டீச்சர். பேச்சு வந்துடுச்சே, அது போதும்.”

திட்டியிருந்தால்கூட டீச்சர் தாங்கியிருப்பாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. “கதவைச் சாத்தினது நான்தானே,” என்று கணவரிடம் சொல்லி அழுதாள். கேலிக்காரர் அன்று அவள் தட்டை எடுத்து மூடி வைத்தார்.

மறுமுறை குமிழி டப்பாவைத் தையல்காரியின் கையில் கொடுத்தாள். “இனிமே நீங்கதான் ஊதணும். உங்க தொண்டையில அவ கையை வைங்க. நான் வெளிய இருக்கேன்.”

“அவ உங்களைத் தேடுவாளே.”

“தேடுவா. நான் வரமாட்டேன்.”

தையல்காரிக்கு ஊதத் தெரியவில்லை. வேகமாக ஊதினாள், குமிழி வளையத்திலேயே உடைந்தது. குட்டி கதவைத் தள்ளிக்கொண்டு நடைபாதைக்கு ஓடி வந்தது. டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“அம்மா.”

அவள் அசையவில்லை. சின்னக் கை அவள் உடுப்பைப் பிடித்து இழுத்தது. “அம்மா! அம்மா!”

“என்ன டீச்சர், புள்ள கூப்பிடுதே, காது கேக்கலையா?” என்றார் காவலாளி.

கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். பின்னால் தையல்காரி, “அம்மா இங்க இருக்கேன் கண்ணு, இங்க பாரு,” என்று குழந்தையைத் தூக்கிப்போவது கேட்டது. குட்டி அழவில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. அந்த மௌனம் எப்படிப்பட்டது என்று டீச்சருக்குத் தெரியும். எத்தனையோ பெற்றோரை அதைச் சொல்லித்தான் பயமுறுத்தியிருக்கிறாள்.

பல வாரங்கள் குட்டியின் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. தையல்காரி நன்றாக ஊதப் பழகிவிட்டாள். டீச்சரை வழியில் பார்த்தால் குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. வந்த ஒரு சொல்லையும் நானே கொன்றுவிட்டேனே என்று அவள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம், அதே பெஞ்சில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல்.

“ம்மா.”

சட்டென்று திரும்பிவிட்டாள் குமிழி டீச்சர். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் தையல்காரி முந்திக்கொண்டு கேட்டாள்: “என்ன கண்ணு?”