வராதவர் தலையில் கட்டிய சாவி

எங்கள் சின்ன ஊர் ஆஸ்ட்வேலில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நாலு பேர் வந்தால் பெரிது. நவம்பரில் நடக்கும் ஊர்க்கூடத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு மட்டும், காய்ச்சல் என்றாலும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஊர்ப்பற்று என்று நினைத்துவிட வேண்டாம். பயம். சாவி முதல் சமையல் வரை எல்லாம் பார்க்க வேண்டிய செயலாளர் வேலையை வராதவர் தலையில் கட்டிவிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

என் அம்மா ஆர்லீன் தலையில் அது அப்படித்தான் விழுந்தது. எனக்குச் சின்னம்மை போட்டிருந்த வருடம் அவர் கூட்டத்துக்குப் போகவில்லை. மறுநாள் கூடத்தின் தலைவர் டெல்மர் வந்து சாவியைக் கையில் வைத்து, வாழ்த்து வேறு சொல்லிவிட்டுப் போனார். அப்போது நான் பால்வாடிப் பிள்ளை.

அதன் பிறகு ஊருக்கு ரயில் வருவது நின்றுபோனது. பள்ளியை மூடிய அன்று எல்லோருக்கும் அம்மாதான் காபி போட்டார். தானியக் கிடங்கை இடித்தபோது வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அம்மாதான் சூப் காய்ச்சினார். அறுவடை விருந்துக்கு வான்கோழி, கல்யாணத்துக்கு முட்டைக்கோஸ் உருண்டை, சாவுக்கு சாண்ட்விச். அப்பாவின் சாவுக்கும் அவரேதான் ரொட்டி வெட்டினார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

குளிர்காலத்தில் கூடத்தின் கிழட்டு ஹீட்டரை தினமும் போய்ப் பார்க்க வேண்டும். அணைந்துவிட்டால் குழாய்கள் உறைந்து வெடிக்கும். எனக்கோ ஜனவரியில் முதல் குழந்தை. சாவியைக் கொடுத்துவிட்டு நான் குடியிருக்கும் ரெஜைனா நகரத்துக்கு என்னோடு வருவதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். அழைத்துப்போக நானே வந்து, கூட்டத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

"நான் விலகிக்கறேன். யாரு எடுத்துக்கறீங்க?" என்றார் அம்மா.

எல்லோரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

"எனக்கு முதுகு சரியில்ல," என்றார் ஒருவர்.

"உன்ன மாதிரி யாரால செய்ய முடியும் ஆர்லீன்?" என்றார் தலைவர் டெல்மர்.

இந்தப் பாராட்டைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்ன மாதிரி செய்ய வேணாம். மோசமாவே செய்ங்க, பரவால்ல," என்றார் அம்மா. சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "அப்ப கூடத்த மூடிடலாம். நான் முன்மொழியறேன்."

"வழிமொழிய ஆள் வேணுமே," என்றார் டெல்மர்.

நான் கையைத் தூக்கினேன்.

"நீ ஊரை விட்டுப் போனவம்மா கார்லா. உனக்கு ஓட்டு இல்ல," என்றார் அவர்.

வேறு கை எழவில்லை. ஏற்கவும் ஆளில்லை, மூடவும் ஆளில்லை. அம்மா சாவியை மேசைமேல் வைத்தார். கோப்பைகளைக் கழுவாமல் வெளியே வந்தார். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை அடுக்கினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

காலையில் போன். டெல்மர்.

"ஆர்லீன், கூடத்துக் கதவு காத்துல திறந்து கிடக்கு. பனி உள்ள போகுது."

"பூட்ட வேண்டியதுதானே? சாவி மேசைமேல இருக்கு."

"இருக்கு, பாத்தோம். தொட்டா, எடுத்துக்கிட்டதா ஆயிடுமே."

"குழாயெல்லாம் வெடிச்சுச் சிதறட்டும், விடும்மா," என்றேன்.

"சனிக்கிழமை ஒரு சாவுச் சாப்பாடு இருக்குடி," என்று அம்மா பூட்ஸை மாட்டிக்கொண்டார். "கதவ மட்டும் சாத்திட்டு வந்துடறேன்."

நான்தான் வண்டி ஓட்டினேன். கூடத்தைச் சுற்றி ஊர் வண்டிகள் எல்லாம் உறுமிக்கொண்டு நின்றன. ஒருவரும் இறங்கவில்லை. அம்மா உள்ளே போய், பனியை வாரிக் கொட்டி, ஹீட்டரைப் பற்றவைத்து, கதவைப் பூட்டினார். சாவி பழக்கப்படி அவர் கோட்டுப் பைக்குள் போனது. டெல்மர் கண்ணாடியை இறக்கி, "நல்லவேளை, வந்துட்ட," என்றார்.

ரெஜைனாவுக்கு நான் தனியாகத்தான் திரும்பினேன். ஜனவரியில் மகள் பிறந்தாள். அம்மா அன்று காலையும் கூடத்துக் குழாய்களைப் பார்த்துவிட்டு வந்து, பேத்தி அழுவதைப் போனில் கேட்டார்.