கவுஞ்சிக்கு அப்பால் ஆளில்லாத கூடம்

கொடை ரோடு ரயில் நிலையத்தில் நான் இறங்கியபோது இன்னும் சரியாக விடியவில்லை. 2008-ஆம் ஆண்டு, ஐப்பசிக் கடைசி. நடைமேடை முழுக்க மழை ஈரம்.

சென்னையில், கணினிக் கூடங்களுக்குக் குளிரூட்டும் அமைப்பை வடிவமைக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை. வங்கிகளும் இணைய நிறுவனங்களும் நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே கூடத்தில் அடுக்கி ஓயாமல் ஓட விடுகின்றன. டேட்டா சென்டர் என்பது அதுதான். அந்தக் கணினிகள் கக்கும் சூட்டை வெளியேற்றுவதற்கே மின்சாரம் கொள்ளையாகப் போகும். ஆகவே குளிர் சும்மா கிடைக்கும் இடத்துக்குக் கூடத்தைக் கொண்டுபோனால் என்ன என்று அப்போது பல நாடுகளில் யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் யோசித்ததோடு நிற்கவில்லை. பழனி மலையின் மேல்பகுதியில், கவுஞ்சி என்ற சிற்றூருக்கு அப்பால், சோதனைக்காக ஒன்றைக் கட்டியே விட்டார். பக்கத்திலேயே இன்னும் பெரிதாக ஒன்று கட்டலாமா, வேண்டாமா? பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி என்னை அனுப்பியிருந்தார்கள்.

ஜீப்போடு ஆரோக்கியம் காத்திருந்தார். கொடைக்கானல்காரர், ஐம்பது வயதிருக்கும். மிஷன் பள்ளி ஒன்றில் நெடுநாள் வேன் ஓட்டியவர். போக வர வாடகை இரண்டாயிரத்து இருநூறு என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு மலையேறினோம். பண்ணைக்காட்டுச் சாலை பிரியும் இடத்தில், வாழைத்தார் ஏற்றிய ஜீப் ஒன்றுக்கு ஒதுங்கி வழிவிட்டபோதுதான் அவர் கேட்டார்.

“கொடைக்கானல்ல தங்கலையா மேடம்? டூரிஸ்ட் யாரும் கவுஞ்சிப் பக்கம் போறதில்லையே.”

போகிற இடத்தைச் சொன்னேன். அவர் கியரை மாற்றி வேகத்தைக் குறைத்தார்.

“அந்த பில்டிங்கா? உள்ள கம்ப்யூட்டர்தான் இருக்குன்னு சொல்றாங்க. இருந்துட்டுப் போகட்டும். ஆனா அது ராத்திரி பகல்னு இல்லாம மூச்சு விட்டுக்கிட்டே கெடக்கு. நீங்களே பாருங்க.”

கொடைக்கானலில் வெயில் இருந்தது. அங்கிருந்து கவுஞ்சிக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பூம்பாறை தாண்டியதும் வெயில் போய்விட்டது. படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டும் கேரட்டும். ஒரு வயலில் பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜீப் அவர்களைக் கடப்பதற்குள் பனி வந்து மூடியது. அவர்களுடைய பேச்சு மட்டும் கொஞ்ச நேரம் கூடவே வந்தது.

நண்பகலுக்குக் கொஞ்சம் பின்னால் போய்ச் சேர்ந்தோம். ஆரோக்கியம் வெளி கேட்டருகிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

“நான் இங்கனயே நிக்கிறேன். அங்க வந்து நிக்கிறது எனக்குச் சரிப்படாது மேடம்.”

நடந்தேன். பைன் மரங்களுக்கு நடுவே நீளமாக, தாழ்வாக, சாம்பல் நிறத்தில் ஒரு கட்டடம். ஒரு ஜன்னல்கூட இல்லை. ஒரு பக்கச் சுவர் முழுக்க உலோகத் தடுப்புப் பட்டைகள்; அவற்றின் வழியே மலைக்காற்றை உள்ளே இழுக்கிறார்கள். மிதந்து வந்த பனி அந்தச் சுவரருகே வந்ததும் வேகம் பிடித்து உள்ளே போயிற்று. எதிர்ப்பக்கச் சுவர் சூடான காற்றை வெளியே விட்டது. ஆரோக்கியம் சொன்ன மூச்சு இதுதான்.

அந்தச் சூட்டுச் சுவரை ஒட்டிக் காட்டுமாடுகள் நின்றன. ஏழெட்டு இருக்கும். எல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கமாகவே வைத்திருந்தன. முதுகிலிருந்து ஆவி எழுந்தது. மேயவில்லை, அசைபோடவில்லை, என் காலடிச் சத்தத்துக்குத் திரும்பவும் இல்லை.

“மேடம், வெரசா வாங்க!” என்று கதவைத் திறந்துகொண்டு ஒரு குரல். அங்கே வேலை பார்க்கும் பொறியாளர் பிரபு, திண்டுக்கல்காரர், முப்பது வயதுக்காரர். “குளிர் ஆரம்பிச்சா தெனமும் இப்படித்தான் வந்து நிக்குதுக. ஒண்ணும் பண்ணாது. ஆனா கிட்டப் போயிராதீங்க.”

அவர் கூடத்தைச் சுற்றிக் காட்டினார். என் தொழில் கண்ணுக்கு அது அழகாகவே பட்டது. கணினி அடுக்குகள் வரிசை வரிசையாக நிற்க, ஒரு நடைபாதை குளிர்காற்றுக்கு, அடுத்தது சூட்டுக்கு. இரண்டும் கலக்காமல் இருக்க நடுவில் கனத்த பிளாஸ்டிக் திரைகள். எங்கள் சென்னைக் கூடங்களில் முக்கால்வாசி இடத்தை அடைக்கும் குளிரூட்டும் எந்திரம் இங்கே ஒன்றுகூட இல்லை. விளக்கும் இல்லை.

“ஆள் நடந்தா அந்த எடத்துல மட்டும் எரியும், அசையாம நின்னா அணைஞ்சிரும்” என்றார் பிரபு. “எந்திரத்துக்கு எதுக்கு மேடம் லைட்டு? எல்லாத்தையும் சென்னையில இருந்தே பாத்துக்கிறாங்க. அடுத்த வருசம் எனக்கும் இங்க சோலி இருக்காது.”

தலைக்கு மேல் ஒவ்வொரு விளக்காக எரிந்து, முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தது. இருட்டில் ஆயிரக்கணக்கான பச்சைப் புள்ளிகள் துடித்தன. விசிறிகளின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே இருந்தால், பக்கத்து அறையில் பலர் தாழ்ந்த குரலில் பேசுவதுபோலத் தோன்றியது. அதை நான் பிரபுவிடம் சொல்லவில்லை.

முன்னறைக்குத் திரும்பி டீ குடித்துக்கொண்டிருந்தபோது சங்கு அலறியது. தீ எச்சரிக்கை.

பிரபு சிரித்தார். “பனிதான் மேடம். உள்ள புகுந்தா புகைன்னு நெனச்சுக்குது. போன வாரமும் ரெண்டு தடவ கத்துச்சு.”

சொல்லிக்கொண்டே எழுந்து, கூடத்தின் கதவருகே இருந்த மஞ்சள் பொத்தானை அழுத்திப் பிடித்தார். சங்கு நிற்கவில்லை. கணினித் திரையில் இரண்டாவது வரிசைப் புகை உணரிகளும் சிவப்பாயின. வெளிச்சுவரின் தடுப்புகள் மடமடவென்று மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. உள்ளே போன பனி உள்ளேயே அடைபட்டது.

பிரபுவின் சிரிப்பு போய்விட்டது. “கேஸ் எறங்கப் போகுது” என்றார்.

கணினிக் கூடத்தில் தீப் பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாது. அந்தக் கூடத்தில் செலவு குறைவென்று கரியமில வாயு வைத்திருந்தார்கள். அது நிறைந்தால் தீயும் அணையும், உள்ளே இருப்பவர் மூச்சும் அணையும். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் அது இறங்காது.

“போனாப் போகுது, உள்ளதான் யாருமில்லையே” என்றேன்.

அப்போதுதான் கதவின் கண்ணாடி வழியே அதைப் பார்த்தோம். கூடத்தின் கடைக்கோடியில், வெள்ளைப் பனிக்குள், ஒரு விளக்கு எரிந்தது.

ஆள் நடந்தால்தான் எரியும்.

“பரமேஸ்வரியக்கா...” என்றார் பிரபு. “பில்டர் தொடைக்க வந்தாங்க. வீட்டுக்குப் போயிட்டாங்கன்னுல்ல நெனச்சேன். நான் கைய எடுக்க முடியாது மேடம். இது எவ்வளவு நேரம் தாங்கும்னும் எனக்குத் தெரியாது.”

நான் தைரியசாலி அல்ல. ஆனால் அந்த அறையில் கை சும்மா இருந்தது எனக்கு மட்டும்தான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

பத்தடிக்குள் கதவு மறைந்துவிட்டது. என் தலைக்கு மேலே எரியும் விளக்கு, பனியில் ஒரு வெள்ளைப் பொதியாகத் தொங்கியது. அதையும் தூரத்து மங்கல் வெளிச்சத்தையும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அந்த வெளிச்சத்தைக் குறியாக வைத்து நடந்தேன். பாதி வழியில் அது அணைந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அல்லது விழுந்திருக்க வேண்டும். “பரமேஸ்வரி! பரமேஸ்வரி!” என்று கத்தினேன். விசிறிகள் என் குரலைத் தின்றுவிட்டன. நான் நின்றதும் என் விளக்கும் அணைந்தது.

அந்த இருட்டில் பச்சைப் புள்ளிகள் மட்டும் என்னைச் சுற்றித் துடித்தன. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றே தெரியவில்லை. கையை ஆட்டினேன். விளக்கு எரிந்தது. அடுக்குகளைத் தொட்டுக்கொண்டே நடந்து, பிளாஸ்டிக் திரையில் மோதி, அதை விலக்கினேன். சூடான காற்று முகத்தில் அறைந்தது. கீழே என் கையில் ஈரமான தலைமுடி தட்டுப்பட்டது.

அவள் அலறினாள். நானும் அலறினேன்.

தரையில் உட்கார்ந்து வடிகட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்குக் காதில் இரைச்சல் தடுக்கும் மூடி. அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். “என்னாங்க, என்னாங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அடுக்குகளின் வரிசையை விடாமல் தடவிக்கொண்டே ஓடினோம். கதவு திடீரென்று எதிரே நின்றது. நாங்கள் வெளியே விழுந்ததும் அதை இறுக்கிச் சாத்திவிட்டுப் பிரபு பொத்தானிலிருந்து கையை எடுத்தார். உள்ளே ஏதோ பிளந்துகொண்டதுபோல ஓர் உறுமல். கண்ணாடி முழுக்க வெள்ளையாயிற்று.

பரமேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “சத்தம் லேசாக் கேட்டுச்சுங்க. போன கெழமையும் இப்படித்தான் கத்துச்சேன்னு இருந்துட்டேன்” என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காரப் போனாள். பிரபு தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சென்னையிலிருந்து தொலைபேசி வந்தது. ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

“மெஷின் எல்லாம் ஓடுதா?”

“ஓடுது சார். உள்ள ஒரு ஆள்...”

“ஓடுதுல்ல, அப்ப ஓகே.”

வைத்துவிட்டார்கள். பிரபு ஒலிபெருக்கியை அணைத்தார். பிறகு பின்பக்கம் போய், மிச்சமிருந்த சிலிண்டர்களை எல்லாம் யாரையும் கேட்காமலே பூட்டிவிட்டு வந்தார். தடுப்புகளைத் திறந்து, காற்று முழுவதும் மாறிய பின்னர், கருவியால் சோதித்துவிட்டு உள்ளே போனோம். கணினிகள் ஒன்றுகூட நிற்கவில்லை. நடைபாதையில் ஒரு சிறு குருவி கிடந்தது. எந்த வழியாக எப்போது உள்ளே வந்ததோ. காயமே இல்லை. பிரபு அதைக் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மாலையில் பரமேஸ்வரியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுமியாக இருக்கும்போதே குடும்பத்தோடு வந்தவளாம். இந்த வேலைக்கு முன்பு பக்கத்து ஊரான பூண்டியில் கூலிக்குப் போனவள். தண்ணீர் கேட்டாள். என் போத்தலைக் கொடுத்தேன். கவுஞ்சியில் இறங்கும்போது கேட்டாள்:

“அந்தப் பொட்டிகளுக்குள்ளார என்னாதாங்க இருக்கு?”

“ஜனங்களோட கணக்கு, கடுதாசி, போட்டோ. உலகத்துல எங்கெங்கயோ இருக்கிறவங்களோடது.”

“அவுகளுக்குத் தெரியுமாங்க, அதெல்லாம் இங்கனதான் இருக்குன்னு?”

“தெரியாது.”

அவள் போத்தலைத் திருப்பிக் கொடுத்தாள். “நாளைக்கு நான் வரமாட்டேன்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லிருங்க” என்றாள். நான் கேட்டதற்காக வளைவில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தாள். பிறகு பனிக்குள் இறங்கிப் போனாள்.

பனிக்காலத்தில் இந்தக் காற்றை நேரடியாக உள்ளே விடக்கூடாது, வாயுவை மாற்ற வேண்டும், பெரிய கூடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பெரியது கட்டப்படவில்லை. சிறியதில் வாயுவை மாற்றினார்கள் என்றும், பிரபு வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

சென்னையில் இறங்கிய அன்று சாயங்காலம் வீட்டில் வியர்வை வழிந்தது. மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டு, மலையில் எடுத்த படங்களை என் தம்பிக்குக் காட்ட இணையத்தில் ஏற்றினேன். பரமேஸ்வரி நிற்கும் படம் கடைசியாகப் போயிற்று. பத்திரமாகச் சேமித்தாயிற்று என்று திரை சொன்னது. எங்கே என்று சொல்லவில்லை.