அத்தை வீட்டுக்குப் போன பிள்ளைகள்

2002-இல் நத்தம் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளைக் கணக்கெடுக்க செபாஸ்தியம்மாளை அனுப்பினார்கள். அவளிடம் இருந்த தகுதிகள்: பிளஸ் டூ ஃபெயில், முத்துமுத்தான கையெழுத்து, நாய்க்கு அஞ்சாத கால். கடைசித் தகுதிதான் முக்கியம் என்று ஆபீசில் யாரும் சொல்லவில்லை, கணுக்கால் தழும்பு சொன்னது.

அவள் வீடு வீடாக நிரப்ப வேண்டிய பாரத்தில் ஒரு கேள்வி. பிள்ளை வீட்டில் இல்லையென்றால் எங்கே? பக்கத்தில் இரண்டே கட்டம்: உறவினர் வீடு, காணவில்லை.

பொம்பளைப் பிள்ளையைக் காணோம் என்று எந்தத் தாய் வாய் திறப்பாள்? நாளைக்குப் பெண் கேட்டு எவன் வருவான்? அதனால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "அத்தை வீட்டுக்குப் போயிருக்கு." செபாஸ்தியம்மாளும் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு முதல் கட்டத்தில் டிக் அடித்தாள். அந்த வருசக் கணக்குப்படி அத்தைமார் அம்புட்டுப் பேரும் தங்கம், காணாமல் போனவர் யாருமில்லை. ஆபீசர் பாக்கியராஜுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

மறு வருசமும் அதே வீடுகள். பேச்சாயியின் மகள் பொன்னழகு, வயசு பதிமூணு, இன்னமும் அத்தை வீட்டில்தான் இருந்தாள்.

"ஒரு வருசமாவா விருந்தாடுது?" என்றாள் செபாஸ்தியம்மாள். "அத்தை பேரு என்னக்கா?"

பேச்சாயி அரிசி புடைத்த சுளகைத் தட்டினாள். "பேரெல்லாம் எதுக்கு?"

"உங்க வீட்டுக்காரரு ஒத்தப் பிள்ளை. உங்களுக்கும் அண்ணன் தம்பி இல்ல. அப்புறம் அத்தை எங்கிருந்து முளைச்சா?"

சுளகு நின்றது. மில் வேலை, மூணு நேரச் சோறு, ஹாஸ்டலில் டிவி என்று ஒரு ஏஜென்ட் கூட்டிப் போனானாம். பொங்கலுக்கு அப்புறம் ஒரு தாக்கல் தகவலும் இல்லை. எந்த ஊர் மில் என்றுகூடத் தெரியாது.

"சோறு போடையில அவ தட்டையும் சேத்து எடுத்துர்றேன்த்தா" என்றாள் பேச்சாயி.

போன வருசம் குடித்த மோர் செபாஸ்தியம்மாளுக்கு இப்போதுதான் புளித்தது.

அன்றிலிருந்து அத்தையின் பெயர், தெரு, போகிற பஸ் எல்லாம் கேட்டுப் பாரத்தின் ஓரத்தில் எழுதினாள். இரண்டு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். முப்பத்திரண்டு அத்தைகளில் ஒன்பது பேர் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை. ஒன்பது வீட்டிலும் வந்த ஏஜென்ட் ஒரே ஆள்.

பாக்கியராஜ் குதித்தார். "பாரத்துல இல்லாததை ஏம்மா கேக்குற? ஓரத்துல எழுதுனதை கம்ப்யூட்டர் எடுக்காது."

"அது எடுக்காட்டி நீங்க படிங்க சார். முத்துமுத்தாத்தானே எழுதியிருக்கேன்?"

அவர் படிக்கிற மாதிரி தெரியவில்லை. அவள் ஒன்பது தாய்மாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். ஒருத்தியாகப் போனால் வெட்கம், ஒன்பது பேராகப் போனால் கூச்சல். கூச்சலுக்கு உடனே எஃப்.ஐ.ஆர். போட்டார்கள்.

ஏஜென்ட்டைப் பிடித்து விசாரித்ததில், இருபது நாளில் கோயமுத்தூர்ப் பக்கத்து மில் ஹாஸ்டல் ஒன்றிலிருந்து ஏழு பிள்ளைகள் வந்து இறங்கின. பொன்னழகின் முடியெல்லாம் பஞ்சு. பேச்சாயி கட்டிப்பிடித்து அழவில்லை. "தலைய வச்சிருக்க லட்சணத்தைப் பாரு" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொரு பஞ்சாகப் பொறுக்கினாள்.

மற்ற இரண்டு பேர் அந்த ஹாஸ்டலில் இல்லை. செபாஸ்தியம்மாள் அந்த இரண்டு பெயருக்கும் 'காணவில்லை' கட்டத்தில் டிக் அடித்தாள். பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்த பொன்னழகின் தட்டுக்கு முன் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"ஏத்தா பொன்னழகு, அவுக ரெண்டு பேரையும் கடைசியா எப்ப பாத்த?"

பொன்னழகு பிசைவதை நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். ஓரம் நிறைந்ததும் செபாஸ்தியம்மாள் பாரத்தைத் திருப்பிப்போட்டு எழுதினாள்.