ஆர்ஃபாவுக்கு இரண்டாம் குரல்

நெல்டா டாக்கெட்டுக்குப் பாட்டு என்றால் உயிர். வாரம் ஐந்து நாள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் தீயணைப்பு நிலையக் கூடத்தில், புருஷன் ஹெர்ஷல் கிட்டார் வாசிக்க, கன்ட்ரி என்கிற மலைநாட்டுப் பாட்டுப் பாடுவாள். சனங்கள் கைதட்டத்தான் செய்தார்கள். ஆனால் அவள் மனசு ஆர்ஃபா ஸ்லோனிடம் கிடந்தது.

ஆர்ஃபா யார் என்று அமெரிக்காவில் கென்டக்கி மலைப்பக்கம் போய்க் கேட்டால் அடிக்க வருவார்கள். ஞாயிறு காலை ரேடியோவில் அவளும் தங்கை ஜூனியும் பாட ஆரம்பித்தால், அடுப்பில் பீன்ஸ் தீய்ந்தாலும் எவளும் எழுந்து போகமாட்டாள். ஆர்ஃபா பாட்டை நடத்திப் போவாள். ஜூனி கூடவே ஒரு படி மேல் சுருதியில் பாடி இரண்டாம் குரல் கொடுப்பாள். பதினெட்டு வருஷமாக நெல்டா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஜூனியின் பங்கைப் பாடிவந்தாள். ஒரே ஒரு தடவை ஆர்ஃபா பக்கத்தில் நின்று பாடிவிட்டால் போதும், அப்புறம் செத்தாலும் சரி என்பாள்.

"பேசாம ரேடியோவையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீ," என்பான் ஹெர்ஷல்.

"அது உன்னை மாதிரி குறட்டை விடாது."

ஆசை இருந்து என்ன செய்ய? மேடையில் முதல் குரல் பாடுகிறவள்தான் பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும். கூப்பிடாமல் யாராவது அவள் மைக் முன்னால் போய் நின்றால் பத்து வருஷத்துக்கு ஊர் வாயில் விழவேண்டியதுதான். நெல்டாவைக் கூப்பிட ஆர்ஃபாவுக்கு என்ன தலையெழுத்து? அவளுக்குத்தான் ஜூனி இருந்தாளே.

எழுபத்துநாலு மார்ச்சில் ஜூனி நிமோனியாவில் போய்ச்சேர்ந்தாள். நெல்டா விம்மி விம்மி அழுதாள். அழும்போதே, 'இனி ஆர்ஃபாவுக்கு யார் குரல் கொடுப்பா?' என்று ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நினைப்பு என்னவோ போகவில்லை.

ஆகஸ்ட் திருவிழாச் சந்தையில், மத்தியான வெயிலில், ஆர்ஃபா தனியாக மேடையேறினாள். நாலு பாட்டுப் பாடிவிட்டுக் கூட்டத்தைத் துழாவினாள்.

"அடுத்த பாட்டு ஒத்தக் குரல்ல நிக்காது. காலர் தைக்கிற நெல்டா வந்திருக்காளா? நல்லாப் பாடுவான்னாங்க. மேல வாம்மா."

ஹெர்ஷல் முழங்கையால் இடித்தான். "போ புள்ள, உன்னைத்தான்!"

நெல்டாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மைக், தோளோடு தோள். ஆர்ஃபாவின் மூச்சு கன்னத்தில் பட்டது. முதல் வரி, இரண்டாம் வரி. அடேயப்பா, கூட்டம் வாயைப் பிளந்து நின்றது! மூன்றாம் வரியில் 'வீடு' என்ற சொல் வந்ததும் நெல்டா குரலை லேசாக உடைத்தாள். அந்தப் பாட்டின் இசைத்தட்டில் ஜூனி அப்படித்தானே பாடியிருந்தாள்.

ஆர்ஃபா பாட்டை நிறுத்திவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனாள்.

நெல்டா பின்னாலேயே ஓடினாள். "அக்கா, தப்பாப் பாடிட்டேனா?"

ஆர்ஃபா ஒரு லாரியில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். "பதிவு பண்ணுன அன்னிக்கு ஜூனிக்குச் சளி. அந்த இடத்துல தொண்டை உடைஞ்சிருச்சு. திரும்பப் பாடலாம்டின்னேன். 'எவ கவனிக்கப்போறா, விடுக்கா'ன்னா."

"ஐயோ, எனக்குத் தெரியாதுக்கா. இனிமே நேராப் பாடுறேன்."

"வேண்டாம். அப்படியே பாடு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றியா?"

நெல்டா இருக்கிறதிலேயே நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு போனாள். சமையலறையில் காப்பி கொடுத்து உட்காரவைத்து, ஜூனியின் பங்கை மட்டும் பாடச் சொன்னாள் ஆர்ஃபா. நெல்டா பாடினாள். இதோ சேர்ந்துகொள்வாள், அடுத்த அடியில் சேர்ந்துகொள்வாள் என்று காத்துக் காத்துப் பாடினாள். ஆர்ஃபா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறும். ஆர்ஃபா ரேடியோவுக்கும் போகவில்லை, மேடையும் ஏறவில்லை. "ஆர்ஃபா வீட்லயே போய்ப் பாடுறியாமே, கொடுத்துவச்சவடி!" என்று தொழிற்சாலையில் பெண்கள் வயிறெரிந்தார்கள். நெல்டா தலையைக் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வாய்த்தது அந்த மூன்று வரிதான். அதிலும் மூன்றாவது அரைகுறை.

குளிர்காலம் பிறந்த பிறகு, பொறுக்கமுடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஒரே ஒரு வரி என்கூடப் பாடுங்கக்கா. பதினெட்டு வருஷ ஆசை."

ஆர்ஃபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பாடினா அவ குரல் எனக்குக் கேக்காதே, நெல்டா."

நெல்டா காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, முதல் அடியிலிருந்து பாட ஆரம்பித்தாள்.